ஜப்பானின் தூரிகையும் நம் வீட்டு எழுதுகோலும்

 

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதில் தவறு என் பக்கம்தான்.

துறைமுகத்தை அடுத்த எங்கள் குர்ஆன் மத்ரஸாவில் ஓதல் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. ஒரு தாய் பதினொரு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மற்றக் கையில் ஒரு கொப்பி.

"ஹஸரத், இதக் கொஞ்சம் பாருங்க. ஓதுற புள்ள செய்ற வேலையா இது? கொப்பி முழுக்கப் படம் கீறி வெச்சிருக்கா. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒரு கோழியும் குஞ்சுகளும். அதன் கீழே முக்காடு போட்ட ஒரு கிழவியின் முகம். கொப்பியை மூடிவிட்டேன். "மகள், உயிருள்ளதைப் படம் கீறக் கூடாது. இனிமேல் இந்த வேலை வேண்டாம்" என்றேன். பிள்ளை தலையை ஆட்டினாள். தாய்க்குத் திருப்தி. கடமையைச் செய்துவிட்டேன் என்று எனக்கும் திருப்தி.

ஒரு கிழமை கழித்து அந்தத் தாய் தேங்காய் ரொட்டி சுட்டு அனுப்பியிருந்தார். அது சுற்றியிருந்த தாள் அந்தக் கொப்பியிலிருந்து கிழித்தது. எண்ணெய் ஊறிய அந்தத் தாளை விரித்துப் பார்த்தேன். ஜெட்டியில் கட்டிய வள்ளங்கள், அவற்றுக்குப் பின்னால் எழும்பும் ஓர் அலை, தூரத்தில் மலை. ஓரம் முழுவதும் இலையும் கொடியுமாக ஒரு கரை. உயிருள்ளது என்று ஒன்றுகூட அதில் இல்லை. அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லையே!

விசாரித்தபோது தாய் சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், எல்லாத்தையும் அவளே கிழிச்சிப் போட்டுட்டா ஹஸரத். இப்ப பென்சிலையே தொடுறல்ல."

அந்த 'அல்ஹம்துலில்லாஹ்' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்தக் கட்டுரை எழுத அதுவே காரணம். பேசப் போவது ஜப்பானியரின் கலையைப் பற்றி. குர்ஆன் மத்ரஸா உஸ்தாதுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

குண்டோடு வந்தவர்கள்

திருகோணமலைக்காரருக்கு ஜப்பான் புதிய பெயரல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, வியாழக்கிழமை காலை, ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தார்கள். என் உம்மும்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் ஏதாவது சட்டி விழுந்து சத்தம் கேட்டால், "ஜப்பான்காரன் வந்துட்டான்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்பு 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், ஜப்பானிடம் நஷ்டஈடு கேட்பதில்லை என்று இலங்கை அறிவித்தது. அதன் பிறகு ஜப்பான் வேறு கோலத்தில் வந்தது. 1980களில் சீனன்குடாவிலேயே டோக்கியோ சீமெந்து ஆலை எழுந்தது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய சகோதரர்களின் பெட்டிகளில் ரேடியோவும் கமராவும் பூப்போட்ட ஜப்பான் சாரியும் வந்தன. குண்டுக்குப் பயந்து ஓடிய அதே உம்மும்மா, பெருநாளைக்கு ஜப்பான் சாரிதான் உடுப்பார்!

இன்னொன்று, கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய பிங்கான். பொன்கரை போட்ட நொரிடாக்கே கோப்பையும் தட்டும் விருந்தாளி வந்தால் மட்டுமே கீழே இறங்கும். அந்தக் கம்பனி 1904இல் நகோயா நகரத்தில் தொடங்கியது. ஐரோப்பிய முறையில் முழுமையான சாப்பாட்டுத் தட்டு செட் ஒன்றைச் செய்து முடிக்க அவர்களுக்குப் பத்து வருடம் பிடித்தது. பிற்காலத்தில் நம் நாட்டிலேயே மாத்தளையில் அவர்களின் ஆலை வந்தது. பிங்கானில் குங்குமப்பூ மையால் ஆயத்து எழுதி, பன்னீர் விட்டுக் கழுவிக் குடிக்கக் கொடுக்கும் வழக்கமும் நம்மில் இருந்தது. அதன் சட்டத்தைப் பேச நான் இங்கே வரவில்லை. ஆனால் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணின் கையில் ஜப்பான் பிங்கானும் அரபு எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்தன என்பதை நினைக்க எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இது இன்று நேற்றுத் தொடங்கிய உறவுமல்ல. ஜப்பானியர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரீட்டா என்ற ஊரில் பிங்கான் செய்யக் கற்றார்கள். 1659இல் டச்சுக் கம்பனி அவர்களுக்கு ஒரு பெரிய ஓடர் கொடுத்தது. அதில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவை எங்கே போவதற்கு என்று நினைக்கிறீர்கள்? யெமன் நாட்டு மோக்கா துறைமுகத்துக்கு! காப்பி குடிக்கும் அரபு முஸ்லிம்களுக்கு. திருகோணமலையில் கோட்டை பிடித்து வைத்திருந்த அதே டச்சுக் கம்பனிதான் அது.

சாப்பிடும் தட்டிலும் உடுக்கும் துணியிலும்

ஜப்பானியக் கலை என்றதும் படித்தவர்கள் சொல்வது ஹொக்குசாயின் பேரலைப் படத்தை. ஏறத்தாழ 1831இல், தம் எழுபதாவது வயதை ஒட்டி அவர் வரைந்தது. மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாகத் தாளில் ஒற்றி எடுப்பார்கள். அரண்மனைச் சுவருக்காகச் செய்ததல்ல, கடையில் சாதாரண மக்கள் வாங்கிப் போனது. வானத்தளவு எழுந்த அலை, அதன் அடியில் மூன்று வள்ளங்கள், வெகு தூரத்தில் சிறியதாக ஃபூஜி மலை. கடலோரத்துப் பெண்ணுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வள்ளக்காரரின் தலைகள் வெறும் புள்ளிகளாகவே தெரியும். இப்படிப்பட்ட தாள்கள் ஐரோப்பாவுக்குப் போய், வான்கோ போன்ற ஓவியர்கள் அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார்கள். நம் பக்கத்தில் 1903இல் தைக்கான், ஷூன்ஸோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகினார்கள். அபனீந்திரநாத் தாகூர் நீரில் நிறத்தைக் கரையவிட்டுத் தீட்டும் முறையை அவர்களிடமிருந்தே எடுத்தார்.

ஜப்பானியக் கலையில் சிலைகளும் உருவங்களும் ஏராளம். அவற்றை நாம் எடுக்கப் போவதில்லை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அதன் இன்னொரு பக்கத்தை.

'அஸாநோஹா' என்று ஒரு கோலம் உண்டு. சணல் இலை என்று பொருள். முக்கோணங்கள் கூடி நட்சத்திரமாக விரியும். பார்த்தால் நம் பள்ளிவாசல் ஜன்னல் வேலையென்றே நினைப்பீர்கள். சணல் வேகமாக, நேராக வளரும் செடி. ஆகவே பிறந்த குழந்தையின் சட்டைக்கு இந்தக் கோலத்தையே போடுவார்கள். பிள்ளை அப்படி வளரட்டும் என்ற தாயின் ஆசை அது. ஒரு முகமும் வரையாமல் ஒரு தாய் தன் மனத்தைத் துணியில் வைத்துவிட்டாள்!

வட ஜப்பானில் குளிர் அதிகம். அங்கே ட்சுகாரு பகுதியில் ஏழை விவசாயிகள் பருத்தித் துணி உடுக்கக் கூடாதென்று ஒரு காலத்தில் தடை இருந்தது. சணல் துணியில் காற்று நுழையும். வீட்டுப் பெண்கள் நீலத் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, வெள்ளைப் பருத்தி நூலால் நெருக்கமாகத் தைத்து ஓட்டைகளை அடைத்தார்கள். குளிருக்காகத் தைத்த தையல் வைரக் கோலங்களாக அமைந்தது. 'கொகின்' என்ற அந்தத் தையலை இன்று நூதனசாலைகளில் வைத்திருக்கிறார்கள். தைத்த பெண்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

பெயர் தெரியாதவர்கள் அன்றாடப் பாவனைக்குச் செய்த பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று 1920களில் யனாகி ஸொஎட்சு என்ற அறிஞர் எழுதத் தொடங்கினார். கிராமம் கிராமமாகப் போய்ச் சட்டி, பானை, கூடை, துணி என்று சேர்த்தார். 1936இல் டோக்கியோவில் அதற்கென்றே ஒரு நூதனசாலை திறந்தார். மருதமுனைத் தறியில் நெய்த சாரியையும், நம் பெண்கள் பன் வெட்டிக் காயவைத்துச் சாயம் போட்டு இழைக்கும் பாயையும் அவர் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்? நாமோ பிளாஸ்டிக் பாய் வந்ததும் பன்பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டோம்.

இப்னு அப்பாஸ் (ரலி) காட்டிய வாசல்

இங்கே மார்க்கம் சொல்வதைப் பேசாமல் போக முடியாது. உயிருள்ளவற்றின் உருவம் படைப்பவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். அதை மழுப்பிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையை அறிவித்த ஸஹாபி அதை எப்படிச் சொன்னார் என்பதையும் நாம் பார்க்க வேண்டுமல்லவா?

புகாரியில் வரும் செய்தி இது. உருவம் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வருகிறார். கையால் செய்யும் இந்தத் தொழிலைத் தவிர வேறு பிழைப்பு எனக்கில்லை என்கிறார். அவர்கள் நபிமொழியை எடுத்துச் சொல்கிறார்கள். கேட்டவரின் முகம் வெளிறிப் போகிறது. அத்தோடு அவரை அனுப்பிவிடவில்லை. செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய் என்று வழி காட்டுகிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திரைச்சீலைச் சம்பவமும் நமக்குத் தெரிந்ததே. உருவம் இருந்த திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அன்னையவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடவில்லை. வெட்டித் தலையணை செய்தார்கள். துணி வீணாகவில்லை, வீட்டுக்கு ஒரு பொருளும் கிடைத்தது.

அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு கதவை மூடினேன், சரி. பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினேனா? பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்! கை செய்வதெல்லாம் பாவம் என்று எடுத்துக்கொண்டாள். அவளுடைய வள்ளமும் அலையும் கொடியும் கோழியோடு சேர்ந்து குப்பைக்குப் போயின. கலை என்றால் முகம் வரைவது என்று நினைத்தது அந்தத் தாய் மட்டுமல்ல, நானும்தான்.

பாலைவனத்தில் எழுத்தைக் கண்டவர்

அந்த நாட்களில் ரியாதில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். மணல்மேடு போலவும் கடல் போலவும் நிறம் படிந்த பின்னணியில் அரபு எழுத்துகள் வட்டமாகச் சுழன்றிருந்தன. துருக்கியர் யாராவது எழுதியிருப்பார் என்று நினைத்தேன். ஜப்பானியர் என்று மாணவர் எழுதியிருந்தார். நம்ப முடியவில்லை.

அவர் பெயர் ஃபுவாத் கொயிச்சி ஹோண்டா. 1946இல் பிறந்தவர். டோக்கியோவில் பல்கலைக்கழகத்தில் அரபு மொழி படித்தார். 1970களில் சவூதி அரேபியாவுக்குத் தேசப்படம் வரையப் போன ஒரு ஜப்பானியக் குழுவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். பாலைவனத்தில் அலைந்து ஊர்ப் பெயர், மலைப் பெயர், பள்ளத்தாக்குப் பெயரெல்லாம் சேகரிப்பார்கள். அந்தப் பெயர்களைப் படத்தில் எழுதுவதற்கு அரபு எழுத்துக் கலைஞர்கள் இருந்தார்கள். நாணல் பேனா தாளில் ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஹோண்டா அதில் மயங்கிப் போனார். அவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதப் பழகினார். இஸ்லாத்தையும் தழுவினார்.

நாடு திரும்பியும் விடவில்லை. வருடக்கணக்கில் தனியாகப் பழகி, பின்பு இஸ்தான்பூலின் பெரிய உஸ்தாத் ஹஸன் செலபி அவர்களிடம் 2000இல் இஜாஸா பெற்றார். இஜாஸா என்பது என்னவென்று மௌலவி வீட்டுப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இனி உன் எழுத்தின் கீழ் உன் பெயரைப் போடலாம் என்று உஸ்தாத் கொடுக்கும் அனுமதி. டைட்டோ புன்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2006இல் ஜப்பான் அரபு எழுத்துக்கலைச் சங்கத்தை அமைத்தார். அரபியே தெரியாத வீடுகளிலிருந்து வந்த ஜப்பானியர் அவரிடம் அலிஃபும் பாவும் எழுதப் பழகினார்கள். வருடக்கணக்காக அரபுக் கிதாபுகளைப் புரட்டிய நானோ, ஓர் அலிஃபை அளவோடு எழுதத் தெரியாதவனாகவே இருந்தேன்!

ஜப்பானியருக்கு இது ஏன் இவ்வளவு இயல்பாக வந்தது? அவர்களுக்கும் எழுதுவதே ஒரு கலை. 'ஷொதோ' என்பார்கள். பாடசாலையிலேயே பிள்ளைகள் தூரிகையும் மையும் வைத்துப் பழகுவார்கள். நாரா என்ற ஊரில் எண்ணெய் விளக்குகளை வரிசையாக எரித்து, மேலே கவிழ்த்த மண்மூடியில் படியும் கரியைச் சுரண்டி, பசை சேர்த்துப் பிசைந்து மைக்கட்டி செய்கிறார்கள். நம் முன்னோரின் மையும் விளக்குக் கரிதான். அவர்கள் தோலிலிருந்து எடுத்த பசையைச் சேர்த்தார்கள், நாம் வேலம் பிசினைச் சேர்த்தோம். இஸ்தான்பூல் சுலைமானியா பள்ளிவாசலில் விளக்குப் புகை ஓரிடத்தில் சேரும்படி கட்டி, அந்தக் கரியில் மை செய்தார்கள்.

வித்தியாசமும் உண்டு. அவர்களுடைய தூரிகை மென்மையானது, மனத்தின் போக்கில் போகும். நம்முடைய எழுதுகோல், அதாவது கலம், சரிவாக வெட்டிய நாணல். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா எழுத்தை அளப்பதற்குப் புள்ளியை அளவுகோலாக்கினார். கலத்தின் வாயால் ஒரு புள்ளி வைத்தால் சாய்சதுரமாக விழும். அலிஃபின் உயரம் எழுத்து வகைக்கேற்ப ஐந்து புள்ளி, ஏழு புள்ளி என்று வரும். மற்ற எழுத்தெல்லாம் அந்த அளவில் நிற்கும். ஜப்பானியர் தாளில் எழுதாமல் விட்ட வெள்ளை இடத்தையும் எழுத்துக்குச் சமமாக மதிப்பார்கள். ஹோண்டாவின் எழுத்துகளில் இந்த இரண்டும் கூடி நிற்பதைக் கண்டேன். அளவு நம்முடையது. சுற்றியுள்ள அமைதி அவர்களுடையது.

சகோதரிகளே, இது ஆண்களின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பக்தாதில் ஷுஹ்தா என்ற மாது ஹதீஸ் கற்பித்த ஆலிமா, எழுத்துக் கலையிலும் பெயர் பெற்று 'அல்-காத்திபா' என்றே அழைக்கப்பட்டார். கி.பி. 1178இல் வஃபாத்தானார். துருக்கியில் அஸ்மா இப்ரத் என்ற பெண் பதினைந்து வயதில் நபி (ஸல்) அவர்களின் வர்ணனையை எழுத்தோவியமாக எழுதினார். ஜப்பானிலோ, இன்று ஹிரகானா என்று சொல்லும் எளிய எழுத்துக்கே பழைய பெயர் 'பெண் கை'. சீன எழுத்து ஆண்களுக்கென்று இருந்த காலத்தில் பெண்கள் இந்த எழுத்தில் கடிதமும் கதையும் எழுதினார்கள். நம் மூதாட்டிகள் தமிழ் எழுத்து அறியாமலே அரபுத்தமிழில் மாலையும் மஸ்அலாவும் ஓதி அறிந்ததை இது எனக்கு நினைவூட்டியது.

கமராவும் கடலும்

படம் எடுப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். போட்டோ விஷயத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிஸ்ர் நாட்டு முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்-முதீஈ (ரஹ்), அது புதிதாக உருவம் படைப்பதல்ல, விழும் நிழலைப் பிடித்து வைப்பதே என்று ஆகும் என்றார்கள். ஆகாது என்று சொன்ன பெரியோர்களும் உண்டு. நான் மத்ரஸாவிலிருந்து வெளியே வந்த புதிதில் இரண்டாவது சாராரின் பக்கம் வேகமாக நின்றேன். சுவரில் போட்டோவைக் கண்டால் கழற்றச் சொல்வேன். சுவர் விஷயத்தில் இன்றும் என் கருத்து மாறவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி மாறியது வேறொன்று. கிண்ணியாவும் மூதூரும் அன்று பட்டதை நம் வாசகிகள் பலர் கண்ணால் கண்டவர்கள். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சேற்றில் ஓர் அல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் நின்றார். ஆறு வயது மகன் போய்விட்டான். அல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவர் விரலால் துடைக்கத் துடைக்கப் படத்தின் நிறம் கரைந்து விரலில் வந்தது. "ஹஸரத், இவன்ட முகம் மறந்து போயிருமா?" என்று கேட்டார். எனக்கு இருபதும் சில்லறையும் வயது. என்ன பதில் சொல்வது? துஆ ஓதினேன். துடைக்காதீர்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் வடகிழக்குக் கரையிலும் அதே கடல் அதே வேலையைச் செய்தது. யமமோட்டோ என்ற சிறு பட்டணத்தில் மீட்புப் பணியாளர்கள் இடிபாடுகளிடையே கிடந்த போட்டோக்களையும் பொறுக்கி எடுத்து ஒரு பாடசாலையில் சேர்த்தார்கள். தொண்டர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவி, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, காய்ந்ததும் பிரதி எடுத்து உரியவர்களைத் தேடினார்கள். ஏறத்தாழ ஏழரை இலட்சம் படங்கள்! ஃபூஜி ஃபிலிம் கம்பனியும் பல ஊர்களில் இந்த வேலைக்கு வழிகாட்டியது. சில படங்களில் முகமே எஞ்சவில்லை. போட்டோவின் மேற்படை ஜெலட்டினால் ஆனது. ஈரத்தில் கிருமி அதைத் தின்றுவிடும். முகம் இருந்த இடத்தில் நிறம் மட்டும் கலங்கிக் கிடக்கும். அப்படிப்பட்டவற்றையும் அவர்கள் எறியவில்லை.

மாரி மழைக்கு ஒவ்வொரு வருடமும் நம் வீடுகளில் வெள்ளம் ஏறுகிறது. ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் கழுவி எடுத்த பழைய போட்டோ நனைந்தால் துடைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஒட்டியிருப்பதை இழுக்கவும் வேண்டாம். குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாகப் பிரியும். பின்பு நிழலில், படம் ஒன்றிலும் படாமல் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். அவசர அடையாள அட்டைக்காகக் கம்பியூட்டர் பிரிண்டரில் அடித்த படமென்றால் தண்ணீரில் போடாதீர்கள், மை ஓடிவிடும்.

அலி கஸுயோஷி நொமாச்சி என்ற இன்னொரு ஜப்பானியரும் இங்கே நினைவுக்கு வருகிறார். ஹோண்டா பிறந்த அதே 1946இல் பிறந்தவர். 1972இல் ஸஹாரா பாலைவனத்தைப் படமெடுக்கத் தொடங்கி, அந்த மக்களோடு பழகிப் பழகி, பின்பு இஸ்லாத்துக்கு வந்தார். 1990களின் நடுவில் சவூதியிலிருந்து அழைப்புக் கிடைத்து மக்காவையும் மதீனாவையும் படமெடுத்தார். 1997இல் அது நூலாக வந்தது. அதில் கஅபாவைச் சுற்றும் கூட்டத்தைக் கண்ட ஒரு மூதாட்டி, ஹஜ்ஜுக்குப் போக வசதியில்லாதவர், விரலால் தாளைச் சுற்றிச் சுற்றித் தடவியதை என் கண்ணால் கண்டேன்.

ஹோண்டாவின் எழுத்தைக் கண்ட மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். எண்ணெய் ஊறிய தாளையும் கொண்டு போனேன். தாயின் முன்னாலேயே, "மகள், நான் முழுக் கொப்பியையும் பார்க்காமல் பேசிவிட்டேன். அது என் பிழை" என்றேன். தாய் பதறிப்போய், "அப்படிச் சொல்லாதீங்க ஹஸரத்" என்றார். பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அலை கீறலாமா ஹஸரத்?"

"கீறலாம் மகள். வள்ளமும் கீறலாம். கோழிதான் வேண்டாம்."

வாய்க்கால் ஓரத்தில் நாணல் வெட்டி, நிழலில் காயவைத்துக் கலம் சீவக் கற்றோம். நானும் அவளோடு சேர்ந்துதான் கற்றேன். கைபேசியில் துருக்கி உஸ்தாத்மார் எழுதுவதைப் பார்ப்போம், நிறுத்துவோம், எழுதுவோம். அவர்கள் வழக்கப்படி முதல் பாடம், இலேசாக்கித் தரும்படி இறைவனிடம் கேட்கும் துஆ. அந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் நின்றோம். இப்போது அவள் சாதாரண தரம் படிக்கிறாள். மத்ரஸாவில் இன்னும் நான்கு பெண் பிள்ளைகள் கலம் கேட்டு வந்திருக்கிறார்கள்.

போன பெருநாளைக்கு அவள் எழுதிய பிஸ்மியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமென்று தாய் ஆசைப்பட்டார். வாங்கிப் பார்த்தேன். ஸீனின் பற்கள் இன்னும் சமமாக வரவில்லை. மீமின் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. ஓரத்தில் மட்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அலை அலையாக ஒரு கரை போட்டிருந்தாள்.

"இன்னும் ஆறு மாதம் எழுதட்டும்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "கரையை மட்டும் மாற்ற வேண்டாம்."